வரிசை எண் ஒன்பது: மிகைநீர்ப் போக்கி

தண்ணீர் மேலிருந்து கீழே விழும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உலகத்தில் இதுவரை யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. அந்த நம்பிக்கையில்தான் தையல்காரர் தன் வீட்டுக்குக் கூரை போட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக ஊரார் இடுப்பை அளந்தவர் அவர். பெருத்துப்போனவர்களின் மனம் நோகாமல் டேப்பை ஒரு விரல் தளர்த்திப் பிடித்தே நல்ல பெயர் எடுத்தவர். அந்தப் பெயரும் ஒரு சின்ன மனையும்தான் மிச்சம். மனையில் இரண்டு அறை, ஒரு சமையலறை, மிஷின் போட முன்பக்கம் ஒரு கூடம் என்று கட்டி, மேலே இருபக்கமும் சரிகிற ஓட்டுக் கூரை போட்டார். ஓட்டின் விளிம்பு சுவரைத் தாண்டி இரண்டு முழம் வெளியே நீண்டிருந்தது. மழைத் தண்ணீர் ஓட்டில் வழுக்கி வந்து, சுவரைத் தொடாமல், கீழே பரப்பியிருந்த கூழாங்கல்மேல் விழுந்து மண்ணுக்குள் போய்விடும். விளிம்பில் தண்ணீரை ஏந்திக் குழாய்க்கு அனுப்புகிற பீலி கிடையாது, குழாய் கிடையாது, தொந்தரவும் கிடையாது.

அவருடைய மைத்துனனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. இந்தக் காலத்தில் எவனாவது சரிந்த கூரை போடுவானா, வீடு என்றால் பிஸ்கட் டப்பா மாதிரி சதுரமாக இருக்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே ஒரு வழவழப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை வீடுகள். தையல்காரர் கடைசிவரை புரட்டிப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் எந்த வீட்டின் மேலும் மழை பெய்யவில்லை. எந்த வீட்டிலும் மனிதர்கள் இல்லை. அதனால்தான் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி மூடிவைத்துவிட்டார்.

வீடு முடிந்தது. குடிபோக வேண்டியதுதான் பாக்கி. அதற்கு அவசரமும் இருந்தது. இப்போது குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர், இரண்டு மாதத்துக்குள் காலி செய்துவிடுங்கள், நாங்களே குடிவரப் போகிறோம் என்று சொல்லியிருந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். வாயால் மறுபடி கேட்கவே இல்லை. ஒருநாள் காலையில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து இவர்கள் கூடத்தில் போட்டுவிட்டு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

குடிபுகல் சான்று இல்லாமல் புது வீட்டுக்குள் பாயை விரித்தாலே சீல் வைத்துவிடுவார்கள். ஆகவே தையல்காரர் படிவம் பதினான்கைப் பூர்த்தி செய்து கட்டட அலுவலகத்தில் கொடுத்தார். அதில் நாற்பது கேள்விகள். முப்பத்தொன்பதுக்கு 'உண்டு' என்று எழுதினார். வரிசை எண் ஒன்பதில், 'கூரைநீர் மிகைநீர்ப் போக்கி: உண்டு / இல்லை' என்று இருந்தது. அது என்ன என்று எழுத்தரிடம் விசாரித்தார். கூரைப் பீலி அடைத்து நிரம்பிவிட்டால், தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் வெளிப்பக்கமாக வழிந்துபோக ஒரு ஓட்டை வைப்பார்கள், அதற்குப் பெயர்தான் இது என்றார் எழுத்தர். நம்மிடம் பீலியே இல்லையே என்று நினைத்துக்கொண்டு, தையல்காரர் உள்ளது உள்ளபடி 'இல்லை' என்று எழுதினார். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவர் செய்த பெரிய பிழை அதுதான்.

பத்தாம் நாள் ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். மெலிந்த மனிதர், மெல்லிய குரல். கோபம் என்பதே தெரியாதவர். அவருடைய சட்டையில் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்ததைத் தையல்காரர் கவனித்தார், சொல்லவில்லை. ஆய்வாளர் கூரையைச் சுற்றிவந்து, ஓட்டின் விளிம்பை அண்ணாந்து பார்த்து, மிக வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் அழகா இருக்கு. போக்கிதான் இல்லை."

"பீலி இருந்தாத்தானே சார் நிரம்பும், நிரம்பினாத்தானே வழியும். இங்க பீலியே இல்லையே."

"பீலி வைக்கணும்னு விதியில எங்கயும் சொல்லலையே. வைக்கிறதும் வைக்காததும் உங்க இஷ்டம். அதுல நாங்க தலையிடவே மாட்டோம்."

"அப்போ என்னதான் சார் கட்டாயம்?"

"போக்கி மட்டும்தான்."

"அதை எதுல வைக்கிறது?"

"அதைத்தாங்க சொல்றேன், உங்க இஷ்டம்."

இப்படி முழுச் சுதந்திரத்தை வழங்கிவிட்டு ஆய்வாளர் போய்விட்டார். அன்று சாயங்காலம் வாடகை வீட்டுக்குத் திரும்பியபோது கூடத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி பீரோ நின்றது.

தகரக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஓட்டை வைப்பதற்காக ஒரு பீலி வேண்டும் என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"டெய்லரண்ணே, நான் போடுற பீலி நிரம்பாது. நிரம்பாத பீலிக்கு ஓட்டை எதுக்கு? என் வேலையை அசிங்கப்படுத்துறதுக்கா?"

வரிசை எண் ஒன்பதைப் பற்றி அவருக்கு அரைமணி நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மனமிரங்கி வேலையில் இறங்கினார். ஆனால் ரோஷக்காரர். அவர் போட்ட பீலியில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அதிலிருந்து இறங்கிய குழாயின் வாயில் ஒரு குடத்தை அப்படியே இறக்கிவிடலாம். பீலியின் முன்விளிம்பில், சொன்ன இடத்தில் சொன்ன அளவில், மூன்று விரல் அகலத்துக்கு வேண்டாவெறுப்பாக ஒரு ஓட்டையும் வெட்டினார்.

ஆக, பீலி இல்லாத வீட்டில் பீலி அடைத்துக்கொள்ளும் அபாயம் இல்லாமல் இருந்தது. இப்போது அபாயம் முறைப்படி ஏற்படுத்தப்பட்டு, அதற்குரிய பாதுகாப்பும் செய்தாயிற்று. மைத்துனன் வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் வீட்டுக்கு ஒரு களை வந்திருக்கிறது என்றான்.

ஆய்வாளர் இரண்டாம் முறை வந்தார். ஓட்டையைப் பார்த்து மகிழ்ந்தார். அதோடு முடிந்ததென்று தையல்காரர் பேனாவை நீட்டினார். ஆனால் படிவத்தில் அடுத்த வரி இருந்தது: 'மேற்படி போக்கியின் வழியாக நீர் வெளியேறுவதை நேரில் கண்டேன்.' காணாமல் கண்டேன் என்று எழுதுகிற ஆள் இல்லை அவர். ஆகவே தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும்.

தகரக்காரர் ஏணி உச்சியில் நின்றார். மைத்துனன் நடுவில், தையல்காரரின் மனைவி கீழே. பன்னிரண்டு பீப்பாய்த் தண்ணீரை வாளி வாளியாக மேலே ஏற்றிக் கவிழ்த்தார்கள். ஆய்வாளர் ஓட்டைக்கு நேர் கீழே குடையை விரித்துக்கொண்டு காத்திருந்தார். குழாய் அத்தனையையும் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்பதுபோல் கடகடவென்று ஏப்பம் விட்டது. குடையில் ஒரு சொட்டு விழவில்லை. தகரக்காரர் மேலேயிருந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"போக்கி இருக்கு. ஆனா வேலை செய்யலை," என்றார் ஆய்வாளர், குடையை மடக்கியபடி.

"வேலை செய்யவேண்டிய தேவையே வரலை சார். அது நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா நல்லதுக்குப் படிவத்துல இடமில்லைங்க."

இதைக் கேட்டதும் தகரக்காரர் தோளில் கிடந்த துண்டை உருட்டிக் குழாய் வாயில் திணித்தார். ஆய்வாளர் சட்டென்று திரும்பி எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். மழைநீர்க் குழாயை வேண்டுமென்றே அடைப்பது விதி முப்பத்தொன்றின்படி குற்றம், தான் இன்னும் அதைப் பார்க்கவில்லை, துண்டை எடுத்துவிட்டால் பார்க்க ஆரம்பிப்பதாகச் சுவரிடம் சொன்னார். துண்டு எடுக்கப்பட்டது. பிறகு அவரே ஆதரவாக வழியும் காட்டினார். அடைப்பு தானாக ஏற்பட்டிருந்தால் குற்றமில்லை. இயற்கை அடைப்பு எது எதுவென்று விதியே பட்டியல் போட்டிருக்கிறது: இலை, சருகு, பறவைக்கூடு.

இலை வேண்டுமென்றால் மரம் வேண்டும். அந்தத் தெருவில் மரம் கிடையாது. இலை விழுந்து பீலி அடைக்கிறது என்று போன வருஷம்தான் அதே அலுவலகம் எல்லாவற்றையும் வெட்டியிருந்தது.

வாடகை வீட்டில் இப்போது கட்டில் வந்திருந்தது. சொந்தக்காரர் அதன்மேல் உட்கார்ந்து, அழுத்திப் பார்த்து, இருக்கட்டும் என்றார். தையல்காரரின் குடும்பம் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டது. இன்னும் மூன்று வாரம்தான்.

"என்னங்க," என்றாள் மனைவி ஒருநாள், பீரோ கண்ணாடியில் தெரிந்த கணவனைப் பார்த்து. நேரே பார்க்க இடமில்லை. "ஊரு உடம்புக்கெல்லாம் தைக்கிறீங்க. ஒரு கூடு தைக்க வராதா?"

அவர் அன்றே உட்கார்ந்துவிட்டார். வெளிப்புறம் சாக்கு, உள்ளே பஞ்சு, நடுவில் கோட்டுக்கு வைக்கிற விறைப்புத் துணி. முழுக்கூட்டையும் தைத்துவிட்டால் அது செயற்கை அடைப்பாகிவிடுமோ என்று பயந்து, அஸ்திவாரத்தை மட்டும் தைத்துக் குழாய் வாயில் பொருத்தினார். மீதியைப் பறவை பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் நாள் ஒரு சிட்டுக்குருவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. இரண்டாம் நாள் ஒரு புறா வந்து உட்கார்ந்தது, பக்கவாட்டில் பிதுங்கியது, பறந்துவிட்டது. தையல்காரர் கீழே நின்று கண்ணாலேயே அளவெடுத்தார். கழுத்துப் பக்கம் இறுக்கம் என்று கண்டுபிடித்து, ஏணியில் ஏறி அரை அங்குலம் பிரித்துவிட்டார். மூன்றாம் நாள் ஒரு மைனா வந்தது. உள்ளே ஒருமுறை சுற்றியது, உட்கார்ந்து எழுந்தது, முன்னால் குனிந்து பார்த்தது. துணி போட்டுப் பார்க்கிற வாடிக்கையாளர்கள் கண்ணாடி முன் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தது. பிறகு வைக்கோல், நூல், முள், யாரோ தொலைத்த ஒரு சாக்ஸ் என்று கொண்டுவந்து அடைக்க ஆரம்பித்தது. பதினைந்து நாளில் குடம் இறங்கிய குழாயில் ஊசி இறங்காது. உள்ளே நான்கு முட்டைகளும் இருந்தன.

மூன்றாம் முறை ஆய்வாளர் வந்தபோது, வாடகை வீட்டைக் காலி செய்ய இரண்டே நாள் இருந்தது. மைனா எழுந்துபோய் எதிர்ச் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கூட்டின் மேல்பக்கம் பீலியின் ஓட்டையைவிட உயரம் என்பதால் முட்டைக்கு ஆபத்தில்லை. ஐந்தாவது பீப்பாயில் பீலி நிரம்பியது. ஆறாவதில் ஓட்டை வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி ஆய்வாளரின் செருப்பை நனைத்தது. அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார். 'நேரில் கண்டேன்' என்ற இடத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தகரக்காரர்கூடக் கைதட்டினார்.

கையெழுத்துப் போடப்போன பேனா நடுவழியில் நின்றது. மைனா கூட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது.

"இங்க யாரோ ஏற்கெனவே குடியிருக்காங்க போலிருக்கே," என்றார் ஆய்வாளர்.

"அது மைனா சார்," என்றாள் மனைவி.

"விதியில 'எவரேனும்'னுதான் இருக்கும்மா. மனுஷங்கன்னு இல்லை. சான்று இல்லாம எவரேனும் குடியேறினா வீட்டுக்குச் சீல் வைக்கணும்."

தையல்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பீரோவும் கட்டிலும் வாடகை வீட்டில் கால் நீட்டிக்கொள்ளும். அவர் குடும்பம் தெருவில் நிற்கும். இருபத்திரண்டு வருஷமாகப் பிறர் உடம்புக்குப் பொருந்தும்படி எல்லாம் தைத்தவருக்கு, தன் உடம்பை வைத்துக்கொள்ள நாலடி இடம் பொருந்தவில்லை.

ஆய்வாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவரும் அதே படியில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அனுமதியின்றிக் குடியேறியோரை முறைப்படுத்தும் சிறப்புத் திட்டம். எந்தச் சான்றும் வாங்காமல் துணிந்து குடியேறிவிட்டவர்கள் மனுக் கொடுத்தால் ஒரே நாளில் சான்று வழங்கப்படும். சீலும் கிடையாது.

"அப்போ எங்களுக்கே குடுத்துடலாமே சார்," என்றான் மைத்துனன்.

"நீங்க குடியேறலையே. ஒழுங்காக் காத்திருந்தீங்க. காத்திருந்தவங்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது."

"காத்திருந்தது தப்பா சார்?" என்று கேட்டார் தையல்காரர்.

"தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்குத் திட்டம் எதுவும் இல்லை."

மறுநாள் சான்று வந்தது. 'முதன்மைக் குடியிருப்பாளர்: மைனா, பெண், ஒன்று. சார்ந்தோர்: முட்டை நான்கு. துணைக் குடியிருப்பாளர்: மேற்படியாரின் கீழ்த்தளத்தில் வசிக்கும் தையல்காரர் குடும்பம்.' மனுவில் மைனாவின் கையெழுத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். மைப் பெட்டியைப் பீலி ஓரத்தில் திறந்துவைத்தார்கள். அது தானாகவே மிதித்துவிட்டுக் காகிதத்தின்மேல் நடந்து போயிற்று. கையெழுத்துப் பழகிய பல பேருடைய கையெழுத்தைவிடத் தெளிவாக இருந்ததாக ஆய்வாளர் குறிப்பு எழுதினார்.

குடும்பம் குடிபுகுந்தது. சான்றின் அடியில் ஒரே ஒரு நிபந்தனை: முதன்மைக் குடியிருப்பாளர் வெளியேறினால் துணைக் குடியிருப்பாளரும் வெளியேற வேண்டும். அதனால் தினமும் காலையில் முதல் சோறு மைனாவுக்குத்தான். பொரிந்த குஞ்சுகளில் இரண்டு பறந்துபோயின. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மற்ற இரண்டும் தாயோடு தங்கிவிட்டன.

சேதி பரவியது. ஊரில் வரிசை எண் ஒன்பதில் மாட்டிக்கொண்டு கிடந்தவர்கள் ஒருவரா இருவரா? தையல்காரர் சட்டை தைப்பதை விட்டுவிட்டுக் கூடு தைக்க ஆரம்பித்தார். மைத்துனன் அதற்கு வழவழப்பாக ஒரு புத்தகமே போட்டான்: வட்டக் கழுத்து, கூர்க் கழுத்து, ஜன்னல் திரைக்குப் பொருத்தமான நிறத்தில் உள்துணி. சான்று ஏற்கெனவே வாங்கியவர்களும் கூடு கேட்டார்கள். கூடில்லாத வீட்டைப் பார்த்தால் ஏதோ குறை மாதிரி இருக்கிறது என்றார்கள். வாசல் பலகையில் பறவையின் பெயர் மேலேயும் குடும்பத் தலைவர் பெயர் கீழேயும் வந்தன. எங்கள் வீட்டுக்காரர் வெறும் மைனா இல்லை, மரங்கொத்தி என்று ஒரு வங்கி மேலாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் வீட்டு ஜன்னல் சட்டமெல்லாம் ஓட்டையாகிவிட்டது. அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

பிறகு மழை வந்தது.

தெருவில் அத்தனை குழாயும் அடைத்திருந்தன. அத்தனை பீலியும் நிரம்பின. அத்தனை ஓட்டையும் விதிப்படி வேலை செய்தன. ஜனங்கள் ஜன்னலில் நின்று, தத்தம் தண்ணீர் தத்தம் போக்கி வழியாகக் கொட்டுகிற அழகைப் பார்த்துப் பூரித்தார்கள். மதியத்துக்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அது தையல்காரர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்து மிஷின் மிதிபலகையை மூழ்கடித்தது. அவர் துணிகளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். கூரை வழியாக ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்று மனைவியிடம் நிறைவாகச் சொன்னார். எல்லாம் வாசல் வழியாகத்தான் வந்தது. வாசலுக்குப் படிவத்தில் வரிசை எண் கிடையாது.

மழை வடிந்த மறுநாள் ஆய்வாளர், கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, தையல்காரர் வீட்டுக் கூடத்துக்கே வந்தார். தெருக்காரர்கள் எல்லோரையும் அங்கே கூட்டச் சொல்லியிருந்தார். கையில் ஒரு காகிதம். இருபத்தைந்து வருஷப் பணியில் முதல்முறையாகத் தானே மேலிடத்துக்கு எழுதியதாகச் சொன்னார். வரிசை எண் ஒன்பது தேவையில்லாத வீடுகளுக்கும் பொருந்துகிறது, அதை எடுத்துவிடலாம் என்று எழுதினாராம். மேலிடமும் ஒப்புக்கொண்டுவிட்டது. குடியிருப்போர் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டால் போதும். பீலி வேண்டாம், கூடு வேண்டாம், பறவை வேண்டாம். கட்டினோமா, குடிபோனோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம். சான்றும் அவரவர் பெயருக்கே மாறிவிடும்.

முதன்முதலில் சான்று வாங்கியவர் என்ற முறையில் காகிதத்தைத் தையல்காரரிடம் நீட்டினார்கள். அவர் இரண்டு முறை படித்தார். வாளி வாளியாகத் தண்ணீர் ஏற்றியது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்தது, மைனா உட்காருமா உட்காராதா என்று கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றது எல்லாம் வந்து போயின. காகிதத்தைக் கீழே வைத்தார்.

"நல்ல யோசனைதான் சார். ஆனா இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு வீடு கட்டுறவன் ஒரு கஷ்டமும் படாம நேரா உள்ள போய் உட்கார்ந்துடுவான். அப்போ நாங்க பட்டதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

கூடம் முழுக்க ஆமாம் என்றது. சும்மா வருகிறவனுக்கு வீட்டின் அருமை தெரியாது என்றார் ஒருவர். பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றார் இன்னொருவர். வரிசை எண் ஒன்பது நம்முடைய அடையாளம் என்றார் மரங்கொத்திக்காரர். தான் வெட்டிய ஓட்டையைப் பற்றி எவனும் தப்பாகப் பேசக்கூடாது என்றார் தகரக்காரர். நீக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. ஒரு பறவை இருந்தால் போதும் என்கிற சலுகை ரொம்பத் தாராளம்.

ஆய்வாளர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, காகிதத்தில் இருந்ததை அடித்துத் திருத்தியபடி, தன் வழக்கமான மெல்லிய குரலில் கேட்டார்.

"சரி, ஒரு வீட்டுக்குக் குறைஞ்சது ரெண்டு பறவைன்னு எழுதிடவா?"

தையல்காரர் ஓட்டுப் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்சம் கேட்டார். தாயும் இரண்டு குஞ்சுகளும் மேலே ஈரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

"மூணுன்னு எழுதுங்க சார்," என்றார்.